மக்காச்சோளத்தின் விருந்தாளிகள்

அந்த மக்காச்சோளச் செடிக்குக் கதிர் பிடிக்கும் நேரம் நெருங்கியது. இந்த முறை யூரியா பாதிதான் விழுந்திருந்தது. அடி இலைகள் மஞ்சளாகிவிட்டன. "கதிரே இல்லாமல் போய்விடுவேனோ!" என்று செடி பதறியது.

"பயப்படாதீங்க அக்கா!" என்று வேரோரம் ஒரு குரல் கேட்டது. அசோஸ்பைரில்லம் என்ற நுண்ணுயிர் அது. பெயர்தான் நீளம், ஆள் கண்ணுக்கே தெரியாது. "காத்துல இருக்கிற தழைச்சத்தை நாங்க பிடிச்சுத் தர்றோம். ஆனா எங்க கூட்டமே பட்டினி. கொஞ்சம் சர்க்கரை கிடைக்குமா?"

கதிருக்கென்று சேர்த்து வைத்திருந்த சர்க்கரை அது. வருவது வரட்டும் என்று செடி அதை வேர்வழியே கசியவிட்டது.

மண்ணுக்குள் ஒரே கொண்டாட்டம்! சில நாளிலேயே வேரிலிருந்து குருத்துவரை ஜிலுஜிலுவென்று ஏதோ ஏறியது. மேல் இலைகள் கரும்பச்சையாயின. இலைக்கக்கத்தில் கதிர் ஒன்று எட்டிப் பார்த்தது. "வந்துட்டான்! என் பிள்ளை வந்துட்டான்!" என்று செடி கூத்தாடியது.

பக்கத்துச் செடி வாடிய தலையை இந்தப் பக்கம் சாய்த்தது. "அந்த ஆளுங்களை எங்கிட்டயும் அனுப்பேண்டி."

"உன் காலடியிலயும் இருக்காங்கடி! சாப்பிட்டீங்களான்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரேன்."