இரண்டாவது ஹெட்போன்

செடோனா நகரத்து மசாஜ் நிலையம் ஒன்றில் குப்புறப் படுத்திருந்தாள் ரொவீனா. அறையில் தியான இசை மிதந்துகொண்டிருந்தது.

“மனசு அப்படியே கரையுது. இது என்ன வாத்தியம்மா?”

“எலெக்ட்ரிக் வயலின்,” என்றாள் தோளைப் பிடித்துவிட்ட டெஸ்ஸா.

“கதை விடாதே! என் முதல் புருஷன் அதைத்தான் வாசிச்சான். அதுல சொருகின ஹெட்போனைக் காதுல மாட்டிக்கிட்டு உக்காந்துடுவான். இசையெல்லாம் அவன் காதுக்குள்ள மட்டும்தான். எனக்குக் கேட்டதெல்லாம் எலி சுரண்டுற சத்தம்தான். பத்து வருஷம் பொறுத்துப் பார்த்துட்டுக் கிளம்பிட்டேன்.”

டெஸ்ஸா சிரித்தாள். “என் வீட்டுக்காரரும் ஹெட்போன் ஆளுதான். நான் முதல் நாளே இன்னொண்ணைச் சொருகிக்கிட்டுப் பக்கத்துல உக்காந்துட்டேன்.”

“இன்னொண்ணு சொருக முடியுமா?”

“அந்த வயலின்ல ஹெட்போன் சொருக ரெண்டு ஓட்டை இருக்குங்களே! டெல்மர் வயலின் வாங்கினப்பவே ஹெட்போனை ஜோடியாத்தான் வாங்கி வெச்சிருந்தார். ஒண்ணு மட்டும் பத்து வருஷமா உறைகூடப் பிரிக்காமக் கிடந்துச்சு. இப்ப ஓடுறதும் அவர் வாசிச்சதுதான்.”

டெல்மர். ரொவீனா பத்து வருஷம் அதட்டிக் கூப்பிட்ட பெயர்.

“என்னங்க, தோள் திடீர்னு இறுகிடுச்சு? வலிக்குதா?”

முகம் புதைத்திருந்த மேசைத் துளை வழியாகத் தரையில் ஒரு சொட்டு விழுந்தது.

“இல்லம்மா. கொஞ்சம் சத்தமா வை.”