காலிப் பெட்டி

“அதை எடுத்துட்டுப் போன்னு சொல்றேன்ல? அவ அதைத் தின்ன மாட்டா!”

“அம்மாவுக்குப் பிடிச்சதுப்பா, நீங்க ஏன் அதை...”

“பிடிச்சதுன்னு யார் சொன்னா?”

“அம்மாதான் சொன்னாங்க! ‘நல்லா இருக்கு பாப்பா, அடுத்த வாரமும் கொண்டா’ன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்க!”

பரஞ்சோதி தள்ள, மகள் தேவகி இழுக்க, புளூபெரிப் பெட்டி வாய் திறந்துகொண்டது. நாலைந்து கருநீலப் பழங்கள் சிமெண்டுத் தரையில் உருண்டு ஓடின.

அடுப்படியிலிருந்து கரண்டியும் கையுமாக வந்தாள் வாசுகி அத்தை. “நல்லா இருக்குலா நீங்க ரெண்டு பேரும்! பதினாறாம் நாளு அதுவுமா, அண்ணி படத்துக்கு முன்னாலயா அடிச்சுக்குவீங்க? காக்காய்க்கு வைக்க நேரமாச்சு!”

மாலை போட்ட படத்துக்குள் பிரேமாவதி சிரித்துக்கொண்டிருந்தாள். படத்துக்கு முன்னால் தலைவாழை இலை. அவித்த மரவள்ளிக்கிழங்கு, நெத்திலி சம்பல், ஒரு குவளை கோப்பி, அதில் தோய்த்துத் தின்ன ரொட்டி. அவளுக்குப் பிடித்தது ஒன்று விடாமல் வந்திருந்தது.

இலையின் ஓரத்தில் தேவகி ஒரு கை இடம் விட்டு வைத்திருந்தாள். அது புளூபெரிக்கு.

அம்மாவுக்குக் குடலில் புற்று என்று தெரிந்த வாரம், தொழிற்சாலையில் பக்கத்து மெஷின்காரி சொன்ன பழம் அது. “ஆன்டிஆக்சிடன்ட் நிறைய இருக்காம் தேவகி, உடம்புக்கு அவ்வளவு நல்லதாம்.” டாக்டரிடம் கேட்டதற்கு, “கொடுங்க, தப்பில்ல. ஆனா பழம் மருந்தாகாதும்மா” என்றார். முதல் பாதியை மட்டும் அவள் காதில் போட்டுக்கொண்டாள்.

ஒரு வருஷம். சனிக்கிழமை தவறாமல், வேலை முடிந்த கையோடு சுங்கைப் பட்டாணி டவுன் கடையில் வாங்கி, வாடாமல் மெர்போக்கில் இருக்கும் அம்மா வீட்டுக்கு மோட்டார் சைக்கிளில் கொண்டு வந்தாள். அடுத்த சனிக்கிழமை வந்து பார்த்தால், போன வாரத்துப் பெட்டி கழுவிக் கவிழ்த்திருக்கும்.

அந்தக் காலிப் பெட்டிதான் அவளுக்குத் தெம்பு. அம்மா போன பிறகும் அதுதான் மிச்சம். காப்பாற்ற முடியவில்லை, ஆனால் ஆசையாகத் தின்னக் கொடுத்தோமே!

கோபத்தை எங்கே காட்டுவது என்று தெரியாமல் அப்பாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். “காரியத்தன்னைக்கும் இதே சட்டையா? பாக்கெட்டெல்லாம் ஊதாக் கறை! பேனாவ மூடி வைங்கன்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்? நானும் துவைச்சுத் துவைச்சுப் பார்த்துட்டேன், போகவே மாட்டேங்குது.”

பள்ளிக்கூடத்தில் ஜாகா வேலை, காவல் வேலை, பரஞ்சோதிக்கு. வாசலில் உட்கார்ந்து, வருகிற காரையும் போகிற காரையும் நோட்டில் எழுதுவார். மகள் சொன்னதும் கறையைக் கையால் மூடிக்கொண்டார்.

“விடு அண்ணே,” என்றாள் அத்தை. “ஆசையா வாங்கிட்டு வந்திருக்கு. ஒரு கை வச்சா என்ன குறைஞ்சிடும்?”

தேவகி மண்டியிட்டு, ஒரு கைப்பிடி பழத்தை இலையில் வைத்தாள். பரஞ்சோதி குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கித் திரும்பப் பெட்டியில் போட்டார்.

“உசுரோட இருந்தப்ப தின்னாதத படையல்ல வைக்கக் கூடாது பாப்பா.”

“தின்னாததா?” தேவகி நிமிர்ந்து பார்த்தாள். “என்னப்பா சொல்றீங்க? பின்ன வாரா வாரம் பெட்டி எப்படிப்பா காலியாச்சு?”

வாசலில் காகம் ஒன்று கரைந்தது. அத்தை கரண்டியைக் கீழே இறக்கினாள். பரஞ்சோதி பாக்கெட்டை மூடியிருந்த கையை மெல்ல எடுத்தார்.

“‘பிள்ளைக்கு நீங்களாச்சும் மிஞ்சணும்’னு, தினமும் ஒரு கை அள்ளி இதுல போட்டு அனுப்புவாம்மா.”