இருளம்மாள் என்ன சொன்னாள்

மானேஜர் கனகசபாபதி நான்கு பெண்களையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

நால்வரும் ஞானபூரணியின் கீழ் வேலை பார்ப்பவர்கள். அவளை மட்டும் வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டார்.

1962 தீபாவளி சீசன் அப்போதுதான் முடிந்திருந்தது. அந்தச் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனியில் பதினோரு வருஷமாகத் திரிக்கொட்டகை அவள் பொறுப்பு. மெட்டி போட்ட காலோடு ஒருத்தியையும் அவள் வாசல் தாண்ட விட்டதில்லை. கல்யாணமானவளைக் கழற்றச் சொல்கிறாளே என்று ஊரே வாயில் போட்டு மென்றது. மெல்லட்டும். இன்றுவரை அங்கே ஒரு பொறி பறந்ததில்லை.

உள்ளே யாராவது வாய் பிசகினால், நாளை முதல் அந்தக் கொட்டகை வேறொருத்தி கைக்குப் போய்விடும்.

யாரிடமும் எதையும் கேட்டுப் பழகாதவள், நேற்றுச் சாப்பாட்டு வேளையில் நால்வரையும் உட்காரவைத்து, என்ன கேட்டால் என்ன சொல்லவேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

முதலில் வெளியே வந்த வள்ளித்தாய் கண்ணைச் சிமிட்டிவிட்டுப் போனாள். அடுத்த இருவரும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி நடந்து போனார்கள். கெட்டிக்காரிகள்தான்.

இருளம்மாளை நினைத்தால்தான் பயம். அவளுக்குப் பொய் வராது. மனசில் இருப்பது அப்படியே நாக்குக்கு வந்துவிடும்.

உள்ளே போனவள் கால் மணி நேரம் கழித்து முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

காரியம் கெட்டது என்றே ஞானபூரணி முடிவு கட்டிவிட்டாள்.

"பூரணியம்மா, உள்ள வாங்க."

மானேஜர் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"அச்சங்குளத்துப் புதுக் கம்பெனிக்கு உங்களத்தான் தலைமையா அனுப்பணும்னு மொதலாளி ஒத்தக் கால்ல நிக்காக. விசாரிச்சா, சிடுசிடுப்பு, ஓரவஞ்சனைன்னு மூணு பேரு அடுக்குதாளுக. அதக்கூட நான் நம்பல. ஆனா இந்த இருளம்மா ஒரு வார்த்த பேசல. ஒங்க பேரச் சொன்னதும் தேம்பித் தேம்பி அழுதா. அம்புட்டுக் கொடும பண்ணியிருக்கீக! ஒங்கள எப்படி அங்கன அனுப்ப? இங்கனயே எங்க கண்ணு முன்னால இருங்க."

ஞானபூரணி தலையைக் குனிந்துகொண்டாள். சந்தோஷம் முகத்தில் தெரிந்துவிடக் கூடாதே.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் இருளம்மாள் இன்னும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். ஞானபூரணி அவள் தோளில் கை வைத்தாள்.

"நீங்க சொல்லிக்குடுத்ததுல ஒண்ணுகூட வாயில வரலக்கா," என்றாள் அவள். "ஒங்களப் போயி நான் எப்படிக்கா கொற சொல்லுவேன்?"