ஓரத்தில் ஒரு கை

ஆரியசாலை மிளகாய் மண்டியில் கூரை ஓட்டை வழியே வெயில் இறங்குகிறது. நேற்று இதே வெயிலில் மாடம்மாள் வற்றல் புடைத்தபோது எடுத்த படத்தை அவரிடம் காட்டி, என் வலைப்பூவில் போடலாமா என்று கேட்கிறேன். முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு போனை வாங்குகிறார். "நல்லாத்தான் இருக்கு, போட்டுக்கோ மக்ளே. ஓரத்துல பிரேமா கை தெரியுதே, அவகிட்ட கேக்கண்டாமா?" அந்தக் கையை நான் கவனிக்கவே இல்லை. காம்பு கிள்ளும் பெண்களெல்லாம் எழுந்து வருகிறார்கள். முதலில் வந்த பிரேமா எட்டிப் பார்க்கிறாள். "எங் கைதான்! வெறும் கைதானேன்னு விட்டுராத, எம் பேரையும் போடணும், கேட்டியா?" போனின் மேல் எல்லாத் தலைகளும் குனிகின்றன. கிளம்பிய செந்தூள் அவர்கள் சிரிப்பைச் சுற்றி வெயிலில் எரிகிறது. தும்மலைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிறேன். இப்படியொரு காட்சி இனிப் படமெடுக்கக் கிடைக்காது. போன் அவர்கள் கையில் இருக்கிறது.