தெளிஞ்ச தண்ணி

"ஷெட்ல படிகாரம் மூட்டை மூட்டையா கிடக்கு. அதை எடுத்துப் போட உனக்கு என்னம்மா கேடு?"

தையல்கடைக்காரம்மா கையிலிருந்த பாட்டிலை மேஜையில் ணங்கென்று வைத்தாள். உள்ளே சேற்று நிறத்தில் குழாய்த் தண்ணீர். அவளுக்குப் பின்னால் தெருவே திரண்டு நின்றது.

குடிநீர் நிலையத்து கெமிஸ்ட் எழுந்தாள்.

"படிகாரம் போட்டா சேறுதான்க்கா அடியில படியும். ஆத்துல பூச்சி மருந்து கம்பெனிக் கழிவு கரைஞ்சு கிடக்கு. அது கண்ணுக்கும் தெரியாது, படியவும் படியாது. கரித் தொட்டி வழியா விட்டாத்தான் கரி அதை இழுத்துக்கும். அதுவரை இதைக் குடிக்காதீங்க."

"ஆமா, இதைக் குடிக்கத்தான் நாங்க தவம் கிடக்கோம்!"

எல்லோரும் சிரித்தார்கள்.

"கரி விக்கிறவன் இவளுக்கு ஏதோ காசு வெட்டியிருப்பான்" என்றது ஒரு குரல். அன்றிலிருந்து அவள் பெயர் கரிக்காரி.

நகராட்சித் தலைவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"கரித் தொட்டி கட்ட கம்பெனிதான் செலவு பண்ணணும். பண்ணினா, கழிவு விட்டதை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அவங்க அசைய மாட்டாங்க. நீ பேசாம படிகாரத்தைப் போடு."

"மாட்டேன் சார்."

"பிடிவாதமா?"

அவள் ஷெட் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

ஜனங்கள் லாரித் தண்ணீருக்கு வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். நின்ற நேரமெல்லாம் அவளைத்தான் திட்டினார்கள். ஒருநாள் அவள் ஸ்கூட்டர் சீட்டை யாரோ கிழித்துவிட்டார்கள்.

கடைசியில் அவளுக்கு மாற்றல் வந்தது. புதிதாக வந்தவர் சேர்ந்த கையோடு படிகாரம் கரைத்து விட்டார். மறுநாள் காலை குழாயில் தண்ணீர் பளிச்சென்று கொட்டியது. தலைவரைப் பார்த்துத் தெருவே கை தட்டியது.

பையும் கையுமாக அவள் நிலையத்தை விட்டு வெளியே வந்தபோது, வாசலில் தையல்கடைக்காரம்மா டம்ளரோடு நின்றாள்.

"பாத்தியா கரிக்காரி? கண்ணாடி மாதிரி இருக்கு! இனிமே லாரிக்குக் கால் கடுக்க நிக்க வேணாம். மாசமா இருக்கிற என் பொண்ணு காலையிலிருந்து வயிறார இதைத்தான் குடிக்கிறா."

கரிக்காரியின் முகம் வெளிறியது.

"குடிக்காதீங்கன்னு அன்னைக்கே சொன்னேனேக்கா..."

"சொல்லுவே! மூட்டையைப் பூட்டி வெச்சுக்கிட்டு எங்களைச் சேத்துத் தண்ணியில தவிக்க விட்டவதானே நீ? எதுக்குடி அப்படிப் பண்ணின?"

"நான் சொன்னதை யாரும் நம்பலக்கா. தண்ணி கலங்கலா இருந்தவரைக்கும் யாரும் குடிக்கல."