முன்னால் உட்கார்ந்தவர்

“ஐலா, துடுப்பைக் கொஞ்சம் அழுத்திப் போடேன். படகு நகரவே மாட்டேங்குது.”

“போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். எதிர்காத்து, ஆர்வோ.”

படகில் எப்போதும் ஆர்வோ முன்னால், மனைவி ஐலா பின்னால். கல்யாணமான கோடையிலிருந்து அப்படித்தான். அவர் திரும்பிப் பார்த்ததே கிடையாது.

மற்ற படகுகள் எல்லாம் ஏரியின் அக்கரையில் புள்ளிகளாகிவிட்டன. குழுவில் ஆர்வோதான் மூத்தவர். இன்று எல்லோருடனும் சேர்ந்து கரையேறினால் அடுத்த மாதம் வடக்கு ஆற்றுப் பயணத்துக்கு அவர்தான் வழிகாட்டி. பிந்தினால் இளையவன் மரே. காலையில் அந்தப் பேச்சை எடுத்ததே ஆர்வோதான்.

“மரேகிட்ட தீப்பெட்டியக் குடுத்திட்டியா?”

“குடுத்துட்டேன்.”

தீவைத் தாண்டியதும் அவர் துடுப்பால் இடது பக்கம் காட்டினார். “அந்தப் பக்கம் திருப்பு.”

ஐலா மற்ற படகுகள் போன வலது பக்கமே திருப்பினாள். சற்றுப் பொறுத்து, “வெயில்ல கண்ணு கூசுது,” என்றார் ஆர்வோ.

அந்த ஏரி முடிகிற இடத்திலிருந்து அடுத்த ஏரிவரை படகைத் தலைக்கு மேல் கவிழ்த்துச் சுமக்க வேண்டும். காட்டுப்பாதையின் வாயிலில் மற்றவர்களோடு மரே ஈ விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

“என்ன பெரியவரே, கல்லு ஏத்திக்கிட்டு வர்றீங்களா?”

“ஏத்தினாலும் உன் தொப்பையவிடக் கம்மிதான்டா.”

எல்லோரும் சிரித்தார்கள். ஆர்வோ படகைத் தூக்கிக்கொண்டு நடந்தார். வேர்களும் சேறுமான அந்தப் பாதையில் மரேயையே முந்திவிட்டார்.

மறுபடி தண்ணீரில் இறங்கியதும் மறுபடி கடைசி.

“தரையில ஓடுறேன். தண்ணியில என்ன வந்துச்சு எனக்கு? இப்பக் காத்துகூட இல்லையே, ஐலா.”

அவர் முழு பலத்தோடு துடுப்பைப் போட்டார். கரையோரத்துத் தேவதாரு மரங்கள் நின்ற இடத்திலேயே நின்றன.

“மரேகிட்ட தீப்பெட்டியக் குடுத்திட்டியா?”

“குடுத்துட்டேன்,” என்றாள் ஐலா, அதே குரலில்.

அவர்கள் கரையேறியபோது மற்றவர்கள் கூடாரம் போட்டு முடித்திருந்தார்கள். இந்த முறை யாரும் கேலி செய்யவில்லை. அதுதான் ஆர்வோவுக்கு அதிகம் வலித்தது. மரேயிடம் தீப்பெட்டியை வாங்கி, குனிந்து நெருப்பு மூட்டினார். பற்றிக்கொண்டதும் பெட்டியை அவனிடமே திருப்பிக் கொடுத்தார்.

“வடக்குக்கு நீயே கூட்டிட்டுப் போ.”

“அடுத்த வருஷம் பாக்கலாம், பெரியவரே.”

“அடுத்த வருஷமெல்லாம் இல்ல. என் கை போச்சு, மரே.”

டீயைக்கூடத் தொடாமல் கூடாரத்துக்குள் போய்ப் படுத்துக்கொண்டார்.

ஐலாவுக்குத் தட்டில் ரொட்டி கொண்டுவந்த மரே அவள் உள்ளங்கைகளைப் பார்த்துவிட்டான். கொப்புளங்கள் உடைந்து சதை தெரிந்தது.

“என்னம்மா இது? துடுப்புப் போட்டா இப்படிக் கிழியாதே.”

ஐலா கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். “போடல. நாள் பூரா துடுப்பைத் தண்ணிக்கு எதிரா அழுத்திப் பிடிச்சிருந்தேன்.”

மரேவுக்கு முகம் கறுத்தது. “அந்த மனுஷன் வடக்குக்குப் போறதுக்காகவே காத்திருந்தார். அவருக்குப் போய் இப்படிச் செய்யலாமா?”

“கை போச்சுன்னே நினைச்சுக்கட்டும். அதைத் தாங்கிக்கலாம்.” அவள் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். “எது போகுதுன்னு டாக்டர் என்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கார்.”

மரே வாயைத் திறப்பதற்குள் கூடாரத்திலிருந்து ஆர்வோவின் குரல் வந்தது.

“ஐலா, மரேகிட்ட தீப்பெட்டியக் குடுத்திட்டியா?”

அவர் மூட்டிய நெருப்பைப் பார்த்தபடி, “குடுத்துட்டேன்,” என்றாள் ஐலா.