துடைப்பத்தின் பிடி

அத்தை வீட்டுக்கு வந்து நாலே நாள் ஆன ஆறு வயதுக்காரியின் கைதவறி, கண்ணாடித் தம்ளர் சமையலறைத் தரையில் சிதறிக் கிடக்கிறது. சில்லுகளில் ஜன்னல் வெயில் மின்னுகிறது. அத்தை வாய் திறப்பதற்குள் அவளே மூலையிலிருந்த துடைப்பத்தை எட்டி எடுத்து, பிடியை நீட்டிக் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டிக்கொண்டு கண்ணை இறுக மூடி நிற்கிறாள். அத்தையின் அண்ணன் வீட்டில் இதுதான் வழக்கம் போலிருக்கிறது. அத்தை துடைப்பத்தை வாங்கிக்கொள்கிறாள். "அசையாம நில்லு கண்ணு, கால்ல குத்திடும்" என்று குந்தி உட்கார்ந்து, அந்தச் சின்னப் பாதங்களைச் சுற்றி மெல்லக் கூட்டுகிறாள். துடைப்பம் குதிகாலில் பட்டதும் குழந்தையின் தோள்கள் காதுவரை ஏறுகின்றன. "ஆச்சு" என்கிறாள் அத்தை. கண்ணைத் திறக்காமலே குழந்தை கேட்கிறது: "எத்தனை அடி அத்தை?" அத்தை துடைப்பத்தைத் திருப்பி, பிடியை அவள் கையிலேயே வைக்கிறாள். "இதை மூலையில வச்சிட்டு, இன்னொரு கண்ணாடித் தம்ளர் எடுத்துட்டு வா. பால் ஊத்தறேன்."